வழக்கமான பயன்பாடு

ராணுவத்தின் சட்டப் பிரிவில் அவளுக்கு ‘ரெண்டு பக்கம்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பதிலும் ஆளுக்கொரு கட்சி. எந்த வழக்கானாலும் வாதத்தை இரண்டே பக்கத்தில் எழுதி முடித்துவிடுவாள், அதனால்தான் என்பார்கள் சிலர். ஒரு மாதம் ராணுவத்தின் தரப்பில் நின்று ஒரு சிப்பாயைக் குற்றவாளி என்பாள், அடுத்த மாதம் மேசைக்கு அந்தப் பக்கம் போய் இன்னொரு சிப்பாயை நிரபராதி என்பாள், இரண்டையும் ஒரே குரலில் சொல்வாள், அதனால்தான் என்பார்கள் மற்றவர்கள். அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. ராணுவ வக்கீல்களின் வேலையே அப்படித்தான். எந்த நாற்காலி என்பதை மேலதிகாரி முடிவு செய்வார்.

அவளுக்கு அதில் குழப்பம் இருந்ததே இல்லை.

“எனக்கு எந்த நாற்காலி போடறாங்களோ அதுல உட்கார்ந்து முழு மனசோட பேசுவேன். எதிர் நாற்காலியிலயும் ஒருத்தர் முழு மனசோட பேசுவார். உண்மை நடுவுல வந்து விழும்” என்று கணவனிடம் சொல்வாள்.

கணவன் பல் மருத்துவன். வீட்டின் கீழ்த்தளத்திலேயே அவனுடைய கிளினிக். “எங்க தொழில்ல அந்த வசதி இல்லம்மா. புடுங்கணும்னு ஒருத்தரும் கூடாதுன்னு ஒருத்தரும் இழுத்தா பல்லு வராது, தாடைதான் வரும்” என்பான்.

அவளை மேலே கொண்டுபோனது ஒரு காவல்காரச் சிப்பாயின் வழக்கு. வாசலை விட்டு நகரக் கூடாது என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். கிடங்குப் பக்கம் போய்ப் பார்த்து வா என்று இன்னோர் அதிகாரி சொன்னார். அவன் பாதி வழி போய், மனசு கேட்காமல் திரும்பி, மறுபடி போய், கடைசியில் இரண்டு இடத்திலும் இல்லாத நேரத்தில் மாட்டிக்கொண்டான். அவனுக்காக அவள் வாதாடினாள். இரண்டு உத்தரவுகளையும் அவன் மீறவில்லை, இரண்டுக்கும் பணியப் பார்த்தான், குற்றம் உத்தரவில் இருக்கிறது, ஆளில் இல்லை என்றாள். சிப்பாய் தப்பித்தான். அந்தத் தீர்ப்பைப் படித்த பாதுகாப்பு அமைச்சகத்துச் செயலாளர் ஒருவர், ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளாத விதிகளை எழுத இவள்தான் சரி என்று முடிவு கட்டினார். மேஜராக இருந்தவள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு அமைச்சகத்தின் கொள்முதல் பிரிவில் அதிகாரி ஆனாள். மேஜர் என்ற பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அமைச்சகம் பழைய கட்டடம். அவளுடைய அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு சுவர்தான் தெரியும். சிப்பாய்களுக்கு வாங்கும் சாமான்களுக்கான ஒப்பந்தங்களை எழுதுவது அவள் வேலை. கம்பளி, கூடாரம், தண்ணீர்க்குடுவை, பூட்ஸ். பூட்ஸ்தான் அதிகம். ராணுவம் நடக்கிற நடைக்குப் பூட்ஸ் வாங்கி மாளாது. அவள் வருவதற்கு முன்பு, பூட்ஸ் கிழிந்தால் தைத்தவன் தோலைக் குறை சொல்வான், தோல் விற்றவன் மழையைக் குறை சொல்வான். அவள் வந்து ஒரே வரியில் ஒரு ஷரத்து எழுதினாள்: “வழக்கமான பயன்பாட்டில் ஏற்படும் எந்தப் பழுதுக்கும் தயாரிப்பாளரே முழுப்பொறுப்பு.” அதற்குப் பிறகு பூட்ஸ் கம்பெனிகள் கொஞ்சம் அடங்கின. அமைச்சகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் அந்த வரியை வைத்தே வகுப்பெடுத்தாள்.

பல வருடம் அங்கே இருந்தாள். பிறகு, அவள் ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருந்த பூட்ஸ் கம்பெனி ஒன்றின் சேர்மன் ஒருநாள் நேரில் வந்தார். கட்டையான மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரின் காலையே பார்ப்பார்.

“எங்களைத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும் மேடம். நீங்க வெளியில நின்னு திட்டறீங்க, எங்களுக்குப் பாதிதான் கேக்குது. உள்ள வந்து திட்டுங்க” என்றார்.

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துவிட்டது. பதவியை விட்டு, அரசு அதிகாரிகள் தனியார் வேலையில் சேருமுன் காத்திருக்க வேண்டிய காலம் காத்திருந்து, அந்தக் கம்பெனியில் இயக்குநராகச் சேர்ந்தாள். கண்ணாடிக் கட்டடம், ஓசையில்லாத லிஃப்ட், ஜன்னலைத் திறக்கவே முடியாத அறை. சேர்ந்த வருடமே மூன்று வகைப் பூட்ஸை நிறுத்தவைத்தாள். சேர்மன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், திட்டினால் கேட்டுக்கொண்டார்.

கல்லூரியில் படிக்கும் மகளிடம் சிநேகிதிகள், உங்க அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க என்று கேட்டால், “பூட்ஸ்” என்பாள் அவள். “முதல்ல பூட்ஸ் போட்டாங்க, அப்புறம் பூட்ஸ் வாங்கினாங்க, இப்போ பூட்ஸ் விக்கிறாங்க.”

மேஜரும் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் குளிர்காலத்தில் மலை உச்சியில் ஒரு காவல் நிலையில் இருந்த சிப்பாய் ஒருவனின் பூட்ஸ் நடுவழியில் வாய் பிளந்தது. அடிப்பாகம் தனியாகவும் மேல்தோல் தனியாகவும் வந்துவிட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு பனியிலேயே நடந்து முகாம் சேர்ந்தான். ஈரமும் குளிரும் ஏறி வலது காலின் விரல்கள் கறுத்துப்போய், பெருவிரலும் பக்கத்து விரலும் எடுக்க வேண்டியதாயிற்று. பூட்ஸ் மேஜரின் கம்பெனியுடையது. ஒப்பந்தம் அமைச்சகத்தில் மேஜர் எழுதியது. செய்தித்தாள்களில் வந்தது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

கம்பெனியின் இளம் வக்கீல் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அறைக்கு ஓடிவந்தான். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

“மேடம், நாம தப்பிச்சோம். ‘வழக்கமான பயன்பாட்டில்’னு போட்டிருக்கு பாருங்க. அவ்வளவு உயரத்துல, அந்தக் குளிர்ல நடக்கறது எப்படி வழக்கமான பயன்பாடு ஆகும்? இந்த வார்த்தையைப் போட்டவங்க கையில ஒரு முத்தம் கொடுக்கலாம்.”

“நான்தான் போட்டேன்” என்றாள் மேஜர்.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு மெல்ல, “அப்போ இன்னும் சுலபமாச்சே மேடம். நீங்களே வந்து சொல்லிடுங்க. நீங்க இங்க சேர்ந்த புதுசுல எங்களுக்கெல்லாம் விளக்கினீங்களே. ‘எல்லாத்துக்கும் ஒரு எல்லை உண்டு, பூட்ஸ்னா பூட்ஸ்தான், மந்திரக் கம்பளம் இல்லை’ன்னு” என்றான்.

சொன்னது ஞாபகம் இருந்தது. சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அமைச்சகத்திலிருந்து போன். அவளிடம் உதவியாளராக இருந்து இப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கொள்முதல் அதிகாரி.

“மேடம், நல்லா இருக்கீங்களா? உங்களைத்தான் எங்க சாட்சியா கூப்பிடலாம்னு இருக்கோம். அந்த ஷரத்தைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? வகுப்புல சொல்வீங்களே, ‘சிப்பாய்க்கு வழக்கம், வழக்கமில்லாததுன்னு ஒண்ணு கிடையாது; அவனைப் போகச் சொன்ன இடமெல்லாம் வழக்கம்தான்’னு. நான் அதை இன்னிக்கும் அப்படியே சொல்லித்தரேன்.”

அதையும் அவள்தான் சொன்னாள். அதையும் நம்பித்தான் சொன்னாள்.

போனை வைத்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. மற்றவர் எழுதிய விதிக்கு இரண்டு அர்த்தம் சொல்வது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தான் எழுதியதற்கு என்ன அர்த்தம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை இதுவரை வந்ததில்லை. கேட்டால் பதில் எங்கோ இருக்கும், போய் எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தாள். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை.

எழுதிய நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். எதிர்ச்சுவர், கரகரக்கும் மின்விசிறி. முதலில் ‘எந்தப் பயன்பாட்டிலும்’ என்றுதான் எழுதினாள், அது உறுதி. பிறகு அடித்துவிட்டு ‘வழக்கமான’ என்று போட்டாள். ஏன் போட்டாள்? கூடார முளையைப் பூட்ஸ் குதிகாலால் அடிக்கிற சிப்பாய்களைப் பற்றி யாரோ ஜோக் அடித்தார்கள், அதை விலக்கத்தானா? அந்த ஜோக் எழுதுவதற்கு முன்பா, பின்பா? நிதிப் பிரிவிலிருந்து யாராவது சொன்னார்களா? இல்லை, காதுக்கு நன்றாக இருக்கிறது என்று போட்டுவிட்டாளா? அப்படியும் செய்யக்கூடியவள்தான்.

சாப்பிடும்போது கணவனைக் கேட்டாள். “நான் அந்த பூட்ஸ் ஷரத்து எழுதினேனே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து உங்ககிட்ட ஏதாவது சொன்னேனா?”

அவன் யோசித்தான். “அந்த வாரம் பூரா பாப்பாவுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டறதைப் பத்தித்தான் சண்டை. இப்பவே கட்டணும்னு நான், வேண்டாம்னு நீ.”

“யார் ஜெயிச்சா?”

“நீதான். ரெண்டு பக்கமும் நீயே பேசிட்டே.”

மகள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “இதுல என்னம்மா குழப்பம்? ஒரு பையனுக்குக் கால்விரல் போயிடுச்சு. அவன் பக்கம் பேசு” என்றாள்.

“எது அவன் பக்கம்னுதான் தெரியலை” என்றாள் மேஜர். மகள் அதை வக்கீல் பேச்சு என்று எடுத்துக்கொண்டாள். உண்மையில் மேஜருக்குத் தெரியத்தான் இல்லை. கம்பெனி பொறுப்பு என்றால் கம்பெனி மேல்முறையீடு போகும், பையன் வாசல் வாசலாக அலைவான். அமைச்சகம் பொறுப்பு என்றால் அவனுக்குச் சேர வேண்டியது சேரும், ஆனால் மோசமான பூட்ஸ் செய்தவர்கள் கையை உதறிக்கொண்டு போவார்கள். அதில் அவளும் ஒருத்தி.

விசாரணை ஒரு முற்பகலில் நடந்தது. நீளமான கூடம், பச்சைத் துணி விரித்த மேசை. இரண்டு தரப்பும் அவளையே சாட்சியாகக் கொடுத்திருந்தன. அதைப் பார்த்து நீதிபதியே புருவத்தை உயர்த்தினார்.

“உங்களை எந்தப் பக்கம் உட்காரச் சொல்றது?”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

மூன்றாவது வரிசையில் அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். மகளைவிட ஒன்றிரண்டு வயது பெரியவனாக இருக்கலாம். காலில் கான்வாஸ் ஷூ. வலது ஷூவின் முனை சப்பையாக இருந்தது. பக்கத்தில் அவன் அப்பா, பஸ் கண்டக்டர். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார் போல, சீருடையிலேயே இருந்தார். பையன் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் எழப்போனான். அப்பா தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

கம்பெனி வக்கீல் கேட்டான், அமைச்சகத்து வக்கீல் கேட்டார். எல்லைகள் உண்டு என்று சொன்னீர்களா? சொன்னேன். சிப்பாய்க்குப் போகும் இடமெல்லாம் வழக்கம் என்று சொன்னீர்களா? சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒவ்வொரு பக்கம் தலையாட்டியது. கடைசியில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“மற்ற இடத்துல என்ன சொன்னீங்கங்கறது இருக்கட்டும். எழுதினது நீங்க. எழுதும்போது மனசுல என்ன அர்த்தம் வெச்சு எழுதினீங்க? அந்த மலை உச்சி அதுல சேருமா, சேராதா?”

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வார்த்தை தானாக வந்து நின்றிருக்கிறது. இப்போது வரவில்லை.

“தெரியலை” என்றாள்.

“ஞாபகம் இல்லைங்கறீங்களா?”

“அது இல்லை. ஞாபகம் இருந்தாலும் அதுல அந்த மலை இருக்காதுன்னு நினைக்கிறேன். நான் அதைப் பத்தி யோசிக்கவே இல்லை. பூட்ஸ் போட்டுட்டு ஒருத்தன் எங்கே போவான்னு யோசிக்காமலேயே எழுதியிருக்கேன்.”

கம்பெனி வக்கீல் பேனாவைக் கீழே வைத்தான். அமைச்சகத்து அதிகாரி, அவளுடைய பழைய உதவியாளர், தரையைப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தாள் மேஜர். இரண்டு பக்கமும் போச்சு. ஆனாலும் வெளியே வந்து படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யார் தரப்பிலும் பேசாமல் ஒரு வார்த்தை பேசிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அந்த நிம்மதி தீர்ப்பு வரும்வரைக்கும்தான்.

எழுதியவருக்கே அர்த்தம் நிச்சயமில்லாத ஷரத்து தெளிவற்றது என்றார் நீதிபதி. தெளிவற்ற ஷரத்தை, அதை எழுதிய தரப்புக்கு எதிராகத்தான் கொள்ள வேண்டும். எழுதியது அமைச்சகம். ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை, முழுப்பொறுப்பும் அமைச்சகத்துக்கே.

சேர்மன் அவள் அறைக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அன்று முதல் தடவையாக அவளுடைய காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

“ஒரே வார்த்தை மேடம். எங்க வக்கீல் அம்பது பக்கம் தயார் பண்ணி வெச்சிருந்தான். நீங்க ‘தெரியலை’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க. எனக்கு அன்னிக்குப் புரியலை. மனசுக்குள்ள உங்களைத் திட்டிட்டேன், மன்னிச்சுக்குங்க.”

“நான் அதுக்காகச் சொல்லலை” என்றாள் அவள்.

“தெரியும், தெரியும்” என்று கண்ணைச் சிமிட்டினார் சேர்மன். “வெளியில அப்படித்தான் சொல்லணும்.”

அமைச்சகத்து அதிகாரி போன் செய்தார். “நல்லா பண்ணீங்க மேடம்” என்றார், அவ்வளவுதான். அது பாராட்டா குத்தலா என்று குரலை வைத்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

தெளிவில்லாமல் எழுதினால் அது எழுதியவரைத்தான் கடிக்கும். சட்டத்தில் அப்படி ஒரு விதி உண்டு என்று அவளுக்குத் தெரியாமலா? எழுதியவனுக்கு எதிராகவே சந்தேகம் போகும் என்பதை ராணுவத்தில் இளம் வக்கீல்களுக்கு அவளே பாடமாக நடத்தியிருக்கிறாள். அதுதான் அவளை அரித்தது. கூடத்தில் நின்றபோது அந்த விதி அவள் நினைவில் இருந்ததா? இல்லை என்றுதான் தோன்றியது. ஆனால் இத்தனை வருடம் சட்டத்தில் ஊறியவளின் நாக்கு, அவளைக் கேட்காமலேயே, தன் நாற்காலிக்குச் சாதகமான வார்த்தையைத் தேடி எடுத்துக்கொண்டதோ?

கணவன் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கிளினிக்குக்குள் போய், நோயாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நான் பொய் சொன்னேனா?”

“தெரியலைன்னு சொன்னது பொய்யா?”

“இல்லை. நிஜமாவே தெரியலை.”

“அப்போ நிஜம்தானே?”

“நிஜத்தை எதுக்காகச் சொன்னேன்னு தெரியலைங்க.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். “வாயைத் திற” என்றான். அவள் திறந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, “பல்லைக் கடிச்சுக் கடிச்சு ஓரமெல்லாம் தேஞ்சு போயிருக்கு. தூங்கும்போது கடிக்கிறே. முதல்ல அதை நிறுத்து” என்றான்.

சேர்மன் அவளைத் துணைத்தலைவர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கதவில் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார்கள். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தினமும் உள்ளே போனாள். முதல் வேலையாக, பிளந்துபோன அந்த வகைப் பூட்ஸை நிறுத்தினாள். யாரும் மறுக்கவில்லை. ஜெயித்தவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? ஒருவேளை இதற்காகத்தான் ஜெயித்தோமோ என்று ஒருநாள் தோன்றும். மறுநாள் அந்த நினைப்பே அசிங்கமாக இருக்கும்.

பனி விட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் வீட்டைத் தேடிப் போனாள். மாடிக் குடியிருப்பில் மேல்தளம். குறுகலான படி, ஒவ்வொரு தளத்திலும் சைக்கிளும் பூந்தொட்டியும். கதவைத் திறந்த கண்டக்டர் அவளைப் பார்த்ததும் பதறிப்போய், நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் அவள் போயிருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள்.

“உட்காருங்கம்மா. நீங்க இல்லைன்னா எங்க கதை என்ன ஆகியிருக்கும்?” என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை.

“கம்பெனிமேல தீர்ப்பு வந்திருந்தா அவங்க மேல்கோர்ட்டுக்கு மேல்கோர்ட்டா போயிருப்பாங்க, எங்க காலம் முடிஞ்சிருக்கும்னு பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா சொன்னார். அரசாங்கமே பொறுப்புன்னு ஆனதால உடனே பென்ஷன் போட்டுட்டாங்க. ஆபீஸ் வேலையும் தரேன்னு சொல்லியிருக்காங்க. உங்க கம்பெனிக்காரங்களை மீறி, எங்களுக்காகத்தான் நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு நான் அன்னிக்கே இவன்கிட்ட சொன்னேன்.”

“இல்லைங்க” என்று ஆரம்பித்தாள் மேஜர். “நான் வந்து…” அதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. கம்பெனிக்காகச் சொன்னேன் என்றால் பொய். உங்களுக்காகச் சொன்னேன் என்றாலும் பொய். தெரியாததால் தெரியவில்லை என்றேன் என்றால், தன்னடக்கம் என்று இன்னும் கும்பிடுவார்.

பையன் டீ கொண்டுவந்து வைத்தான். தளும்பாமல் கொண்டுவர அடி அடியாக வந்தான்.

“வலிக்குதாப்பா?” என்று கேட்டாள்.

“இல்லாத விரல்தான் மேடம் வலிக்குது. இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. டாக்டர் அப்படித்தான் இருக்கும்னு சொல்றார். எனக்குத்தான் ஒண்ணும் புரியலை” என்று சொல்லிச் சிரித்தான்.

“எனக்கும்தான் புரியலை” என்றாள். அவன் விரலைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினான்.

புறப்பட்டபோது வாசல்வரை வருகிறேன் என்று அவனும் கூடவே வந்தான். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. படி குறுகல், கைப்பிடி ஆடியது. அவன் விழுந்துவிடப் போகிறானே என்று அவள் ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினாள். அவளுக்கு முட்டிவலி என்று அவன் நினைத்துக்கொண்டான் போல. பக்கத்தில் வந்து தன் கையை நீட்டினான்.

“பிடிச்சுக்குங்க மேடம். மெதுவா வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை.”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மெதுவாகக் கீழே இறங்கினார்கள்.